மூன்று கைத்துப்பாக்கி, மூன்று வகைத் தோட்டா: சிறிய சேகரிப்பின் கணக்கு

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி சேர்க்கத் தொடங்குகிற பலரும் துப்பாக்கிகளை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது தோட்டா வகைகளை. ஐந்து துப்பாக்கி ஐந்து அளவில் இருந்தால் அலமாரியில் ஐந்து விதப் பெட்டிகள் சேரும், ஒவ்வொன்றிலும் அரைப்பெட்டிதான் மிஞ்சியிருக்கும். மேகசின் (தோட்டா அடுக்கும் செருகுபெட்டி), குழல் துடைக்கும் பிரஷ், மாற்று ஸ்பிரிங் எல்லாமே ஐந்து வகை. சுடுதளத்துக்குப் போகிற நாளில் ஒவ்வொன்றிலும் இருபது முப்பது தோட்டா சுட்டுவிட்டுத் திரும்புவார்கள். எதிலும் கை பழகாது.

அதனால் "அத்தியாவசியச் சேகரிப்பு" என்று கேட்கிறவருக்கு அனுபவசாலிகள் சொல்லும் விடை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது: .22 அளவில் (குண்டின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) ஒன்று, 9 மில்லிமீட்டரில் ஒன்று, .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று. நான்காவதாக எது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டைக்குப் பிறகு வருவோம். இந்த மூன்றும் ஏன் என்பதற்குக் காரணம் பழக்கமோ பிராண்டு பற்றோ இல்லை; மூன்றும் மூன்று வேறு இயந்திரங்கள், மூன்று வேறு வேலைகள், மூன்று வேறு செலவுக் கணக்குகள்.

முதலில் .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்)

1887-இல் வந்த தோட்டா இது. வழக்கமான குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். உதைப்பு அநேகமாக இல்லை. விலை சந்தையோடு ஏறி இறங்கினாலும், ஒரு 9 மி.மீ. தோட்டாவின் விலைக்கு மூன்று நான்கு .22 வாங்கலாம் என்ற விகிதம் பல காலமாக ஏறக்குறைய நிலைத்திருக்கிறது. சுடக் கற்பது என்பது பெரும்பாலும் விசையை இழுக்கும்போது குழல்முனையிலுள்ள குறிமுள் அசையாமல் வைத்திருக்கக் கற்பதுதான். அதற்கு ஆயிரக்கணக்கில் சுட வேண்டும், உதைப்புக்கு அஞ்சிக் கண் சிமிட்டும் பழக்கம் வராமல் சுட வேண்டும். இரண்டுக்கும் .22 போதும்.

இந்த இடத்தில் பலரும் எடுப்பது ரூகர் நிறுவனத்தின் மார்க் வரிசை. வில்லியம் ரூகரும் அலெக்ஸாண்டர் ஸ்டர்மும் 1949-இல் தொடங்கிய நிறுவனத்தின் முதல் விற்பனைப் பொருளே இந்த வரிசையின் முன்னோடிப் பிஸ்டல்தான். மார்க் 1, 2, 3 மூன்றையும் கழற்றுவது சுலபம், பூட்டுவதுதான் வதை. பின்பக்கக் கைப்பிடிக்குள் போகும் ஸ்பிரிங் பெட்டியைத் திரும்பச் செருகும்போது, துப்பாக்கிக்குள் இருக்கும் சுத்தியலிலிருந்து தொங்கும் சிறு தண்டு சரியான குழியில் உட்கார வேண்டும். சுத்தியல் முன்னால் விழுந்த நிலையில் இருக்க வேண்டும், துப்பாக்கியைச் சரியான கோணத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். தண்டு தவறான இடத்தில் சிக்கினால் பெட்டி மூடும், ஆனால் பின்பக்க போல்ட் (முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை ஏற்றும் எஃகுத்துண்டு) முழுதாகப் பின்னால் வராது. அப்படியானால் பலவந்தம் செய்யாமல் மறுபடி கழற்ற வேண்டும். 2016-இல் வந்த மார்க் 4 இந்தத் தலைவலியைப் பின்புறம் ஒரே பொத்தானில் முடித்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: 2017 ஜூனுக்கு முன் தயாரான மார்க் 4 பிஸ்டல்களைப் பாதுகாப்பு நெம்புகோல் குறைக்காக நிறுவனமே திரும்ப அழைத்தது. நெம்புகோல் நடுவில் நிற்கும்போது விசை அழுத்தப்பட்டிருந்தால், பின்னர் நெம்புகோலைச் சுடும் நிலைக்குத் தள்ளும்போது வெடிக்க வாய்ப்பிருந்தது. பழையதாக வாங்குகிறவர் தொடர் எண்ணை நிறுவனத்திடம் சரிபார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

.22 வெடிக்காமல் போவது மற்ற தோட்டாக்களைவிட அதிகம். இதில் தனி ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கிடையாது. தூண்டுகலவை பித்தளைக்கூட்டின் விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்படுகிறது. விளிம்பில் ஓரிடத்தில் கலவை சேராமல் போய், வெடிமுள் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அந்த இடத்தில் அடித்தால் "டிக்" என்ற சத்தம் மட்டும்தான். அப்போது குழலை இலக்கு நோக்கியே 30 விநாடி வைத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. பிறகு வெளியே எடுத்துக் கொஞ்சம் சுழற்றிப் போட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். தானியங்கிப் பிஸ்டலில் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) குறைவேகத் தோட்டா போட்டால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாமல் காலிக்கூடு சிக்கும். விநாடிக்கு 1,200 அடி வேகம் என்று பெட்டியில் போட்டிருக்கும் 40 கிரெய்ன் வகைதான் தொல்லையில்லாதது. மெழுகு பூசிய ஈயக்குண்டு என்பதால் அழுக்கும் அதிகம். 300, 400 சுட்டதும் சேம்பரை (சுடுமுன் தோட்டா உட்காரும் குழி) பிரஷால் ஒரு துடைப்பு துடைத்தால் மீதி நாள் ஓடும். வெற்றுச் சேம்பரில் விசையை இழுத்துப் பழகும் ஆசை இருந்தால் அந்த மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். பல .22-களில் வெடிமுள் நேரே சேம்பர் விளிம்பில் மோதி அங்கே ஒரு பிசிறை எழுப்பிவிடும். அதன்பின் காலிக்கூடு வெளியே வர அடம்பிடிக்கும்.

நடுவில் நிற்கும் 9 மி.மீ.

ஜார்ஜ் லூகர் 1902-இல் உருவாக்கிய தோட்டா இன்று உலகின் பெரும்பாலான ராணுவ, போலீஸ் கைத்துப்பாக்கிகளில் இருக்கிறது. இடையில் ஒரு சறுக்கல் வந்தது. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்தார்கள். 9 மி.மீ. குண்டு ஒன்று போதுமான ஆழம் போகவில்லை என்ற முடிவுக்கு எஃப்.பி.ஐ. வந்தது. அதன் விளைவாக 10 மில்லிமீட்டருக்கு மாறியது. அதன் உதைப்பு பலருக்கு ஒத்துவராமல் 1990-இல் .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வந்தது. கால் நூற்றாண்டு சுற்றிவிட்டு எஃப்.பி.ஐ. மறுபடி 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. குண்டுகளின் வடிவமைப்பு மேம்பட்டுவிட்டது, உடலுக்குப் பதிலாகச் சோதனையில் வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை நல்ல 9 மி.மீ. தோட்டாக்கள் எட்டுகின்றன, உதைப்பு குறைவதால் அதிகாரிகள் குறி தவறுவதும் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தத் திருப்பத்தின் பக்கவிளைவாக, போலீஸ் துறைகள் கழித்துவிட்ட .40 துப்பாக்கிகள் பழைய சந்தையில் மலிவாகக் குவிந்தன. மலிவு என்று எடுத்தவர்கள் தோட்டா விலையில் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

எந்த மாடல் என்பது கைக்கு ஏற்ற கேள்வி. க்ளாக் 19 இந்தப் பிரிவின் இயல்பான அளவுகோல். 1988-இல் வந்தது, குழல் 102 மி.மீ., மேகசினில் 15, காலி மேகசினோடு சுமார் 670 கிராம். அதைக் கையில் எடுத்துவிட்டு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி, செக் நாட்டு சி.இஸட். 75, பெரெட்டா 92 எதையும் ஒப்பிடலாம். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான சவ்வு கைப்பிடியின் உச்சிவரை ஏற வேண்டும், குழல் முன்கையின் நேர்கோட்டில் நிற்க வேண்டும், அந்தப் பிடியில் விரல்நுனியின் சதைப்பகுதி விசையின் நடுவில் விழ வேண்டும். விசையை எட்டப் பிடியைத் திருப்ப வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி பெரிது. பின்பட்டையை மாற்றும் வசதி இருந்தால் சின்னதைப் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் வேறு எடுங்கள். கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்ப்பதைவிட, வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்தில் 50 தோட்டா சுட்டுப் பார்ப்பது மேல்.

தானியங்கியில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேகசின்தான் குற்றவாளி. வாங்கும்போதே நான்கு மேகசின் வாங்கி, அடித்தகட்டில் பெயின்டால் 1, 2, 3, 4 என்று எழுதி வைப்பது பழைய தந்திரம். சிக்கல் வரும்போதெல்லாம் 3-ஆம் எண்தான் உள்ளே இருந்தது என்றால் துப்பாக்கியைப் பழிக்க வேண்டாம். 3-இன் வாய் விளிம்புகள் விரிந்திருக்கலாம், ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். நிரப்பி வைத்திருப்பதால் ஸ்பிரிங் சாகிறது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஸ்பிரிங்கைத் தேய்ப்பது நிரப்பிக் காலியாக்கும் சுற்றுகள்தான். காலிக்கூடு புகைபோக்கிபோல் நட்டுக்கொண்டு நிற்பது இன்னொரு வகைக் கோளாறு. மணிக்கட்டு தளர்ந்தால் சட்டகமும் ஸ்லைடோடு (மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) சேர்ந்து பின்னால் போகிறது, ஸ்லைடுக்குத் தள்ளிப்போக எதிர்ப்பு கிடைப்பதில்லை, ஓட்டம் பாதியில் முடிகிறது. அதே கோளாறு பலமான கையிலும் வந்தால் வலுக்குறைந்த தோட்டா, அழுக்கேறிய எக்ஸ்ட்ராக்டர் (கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி) என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பின்னுதைப்பு ஸ்பிரிங்கை 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் போதும். சில டாலர் சாமான்.

க்ளாக்கைக் கழற்றும் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது: ஸ்லைடை எடுக்குமுன் விசையை அழுத்தியாக வேண்டும். சேம்பரில் தோட்டா இருப்பதை மறந்துவிட்டு மேஜையைச் சுட்டவர்கள் நிறையப் பேர். வரிசை மாறக்கூடாது. முதலில் மேகசின் வெளியே. பிறகு ஸ்லைடை இழுத்துப் பூட்டிச் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பார்க்க வேண்டும். தோட்டாப் பெட்டிகள் எல்லாம் வேறு அறைக்குப் போன பிறகு, குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, அப்போதுதான் விசை. மேகசினை எடுக்காமல் முதலில் ஸ்லைடை இழுத்தால் சேம்பரிலிருந்த தோட்டா வெளியே வரும், அடுத்தது உள்ளே ஏறும். காலி என்று நம்பிச் சுடுவது இந்த வரிசைப் பிழையில்தான்.

.357 ரிவால்வர்: ஒரு சட்டகத்தில் இரண்டு தோட்டா

மூன்றில் அதிகம் யோசித்து வாங்க வேண்டியது இது. 1930-களின் நடுவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .38 ஸ்பெஷலின் கூட்டைச் சுமார் 3.4 மி.மீ. நீட்டி .357 மேக்னம் என்று பெயரிட்டது. இரண்டின் குண்டும் ஒரே விட்டம், 0.357 அங்குலம். .38 என்ற எண் பெயருக்குத்தான். கூட்டை நீட்டியதற்குக் காரணம், மேக்னம் தோட்டா .38 ரிவால்வரின் சேம்பருக்குள் போகக்கூடாது என்பது. .38 ஸ்பெஷலின் அதிகபட்ச அழுத்தம் 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), மேக்னத்துக்கு 35,000. ஆக .357 ரிவால்வரில் .38 சுடலாம்; .38-இல் மேக்னம் சுட முடியாது, சுடவும் கூடாது. பயிற்சிக்கு மெதுவான .38, வலுவான தேவைக்கு மேக்னம் என்று ஒரே இயந்திரம் இரண்டு வேலை செய்கிறது. இரண்டையும் ஒரே வகையாக வைத்துத் தோட்டா வகைகளை எண்ணுகிறவருக்கு இது லாபக் கணக்கு.

ஆனால் இரண்டையும் கலந்து சுடுகிறவர் ஒரு கரிவளையத்தைச் சந்திப்பார். .38 கூடு குட்டை என்பதால், அது முடியும் இடத்துக்கு முன்னால் சேம்பருக்குள் கரியும் ஈயமும் வளையமாகப் படிகிறது. சில நூறு சுட்ட பின் மேக்னம் கூடு அந்த வளையத்தில் முட்டி முழுதாக உள்ளே போகாது. தள்ளிப் போட்டுச் சுட்டால் வெளியே வராது. மேக்னம் சுடுமுன் சேம்பர் பிரஷைக் கரைப்பானில் நனைத்து ஆறு சேம்பரையும் தேய்த்துவிட வேண்டும். அடங்காவிட்டால் வெண்கலப் பிரஷில் செம்பு இழையைச் சுற்றித் தேய்க்கலாம்.

எந்தச் சட்டகம் என்பதற்கு ஒரு வரலாற்றுப் பாடம் இருக்கிறது. 1955-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 நடுத்தரமான கே சட்டகத்தில் மேக்னத்தை அடக்கியது. இடுப்பில் சுமக்க இலகு, போலீஸாருக்குப் பிடித்துப்போயிற்று. அவர்கள் .38-இல் பழகி மேக்னத்தை அரிதாகச் சுட்டவரை சிக்கலில்லை. பின்னர் 125 கிரெய்ன் வேகமேக்னத்திலேயே பயிற்சியும் நடக்கத் தொடங்கியபோது குழலின் பின்முனை, குண்டு சிலிண்டரிலிருந்து (ஆறு சேம்பர் உள்ள சுழலும் உருளை) தாவி நுழையும் அந்தக் கூம்பு, அடிப்பக்கத்தில் விரிசல்விடத் தொடங்கியது. ஏன் அடிப்பக்கம்? சிலிண்டரின் தாங்கிக்கு இடம்விட அங்கே கொஞ்சம் சீவித் தட்டையாக்கியிருந்தார்கள், உலோகம் மெல்லியது. இலகுவான குட்டைக்குண்டு கூம்பில் சீக்கிரமே நுழைந்துவிடுவதால் சூடான வாயு அதிக நேரம் அதை அரிக்கிறது. இதற்கு மருந்தாக 1980-களின் தொடக்கத்தில் சற்றுப் பெரிய எல் சட்டகத்தில் 586, 686 மாடல்கள் வந்தன. ரூகரின் ஜி.பி.100 அதே பத்தாண்டின் நடுவில் வந்தது. நான்கு அங்குலக் குழலோடு இவை சுமார் 1.1 கிலோ. சேகரிப்புக்கு எது என்றால் எங்கள் விடை 686 அல்லது ஜி.பி.100, மாடல் 19 அழகானது, ஆனால் அதை.38-இலும் 158 கிரெய்ன் மேக்னத்திலும் அளவாக ஓட்டும் ஒழுங்கு உள்ளவர்தான் எடுக்க வேண்டும்.

ரிவால்வர் "சிக்காது" என்பது விற்பவர் பேச்சு. சிக்கும், வேறு விதமாக. காலிக்கூடுகளைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத்துகள் ஒன்று மாட்டினால் சிலிண்டர் மூடாது, மூடினாலும் விசை இறுகும். அதனால் கூடுகளைத் தள்ளும்போது குழல் வானம் பார்க்க வேண்டும். துகள்கள் கூடுகளோடு கீழே விழும். வெளித்தள்ளும் கம்பி தளர்ந்து நீண்டால் சிலிண்டர் திறக்கவே மறுக்கும். கையிலேயே மருந்து நிரப்பிய தோட்டாவில் ப்ரைமர் சற்று மேலெழுந்து நின்றால் சிலிண்டர் சுற்றாது. எடை மிகக் குறைந்த ரிவால்வரில் மேக்னம் சுடும்போது உதைப்பின் இழுப்பில், சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்து சட்டகத்தில் முட்டி நிற்கும். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளியில் வாயு பக்கவாட்டில் பாய்கிறது. பெருவிரலை அங்கே கொண்டுபோனால் வெட்டும். தானியங்கிப் பிடியில் பழகியவர்கள் ரிவால்வரை எடுக்கும்போது இதை மறப்பது சகஜம்.

ரிவால்வரின் இன்னொரு மதிப்பு ஆசிரியராக. இரட்டைச் செயல் விசை (சுத்தியலைத் தூக்குவதும் விடுவதும் ஒரே இழுப்பில்) 10 முதல் 12 பவுண்டு இழுப்பு. நீண்ட, கனமான அந்த இழுப்பில் குறிமுள்ளை அசைக்காமல் விடக் கற்றவருக்கு வேறெந்த விசையும் இலகு. நண்பர் ஒருவர் ஆறு சேம்பரில் மூன்று தோட்டாவும் மூன்று போலித்தோட்டாவும் கலந்து போட்டுத் தரட்டும். போலி வரும்போது குழல்முனை குனிந்தால், உதைப்புக்கு முன்கூட்டியே அழுத்துகிறீர்கள் என்று பொருள். எந்தப் பயிற்சியாளரும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நான்காவது என்ற ஆசை

கோல்ட் 1911 பெரும்பாலோர் மனதில் இருக்கிற நான்காவது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911 மார்ச் 29-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற துப்பாக்கி. 1985-இல் பெரெட்டா எம்9 வரும்வரை பணியில் இருந்தது. .45 ஏ.சி.பி., 230 கிரெய்ன் குண்டு, மேகசினில் ஏழு, எடை 1.1 கிலோ. விசை நேர்கோட்டில் பின்னால் வழுக்குவதால் அதன் சுகம் தனி. வரலாற்றுக்காகவும் அந்த விசைக்காகவும் வாங்கலாம். ஆனால் இது கவனம் கேட்கும் இயந்திரம் என்பதை அறிந்து வாங்க வேண்டும். இதன் எக்ஸ்ட்ராக்டர் தானே ஸ்பிரிங்காகவும் வேலை செய்யும் ஒரு எஃகுத் துண்டு; இறுக்கம் குறைந்தால் கூடு வழுக்கும், கூடினால் தோட்டா ஏறாது. தோட்டாவைக் கையால் சேம்பரில் போட்டு ஸ்லைடை விட்டால் கொக்கி உடையும். மேகசினிலிருந்துதான் ஊட்ட வேண்டும். வெற்றுச் சேம்பரில் ஸ்லைடைத் தடாலென விட்டால் சுத்தியலும் அதைப் பிடித்து நிறுத்தும் ஸியரும் உரசும் முனைகள் கெடும். ஐந்து அங்குல மாடலில் 16 பவுண்டு ஸ்பிரிங், 2,000-3,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றம். உலர்ந்து ஓடப் பிடிக்காது. தடங்களில் எண்ணெய் தெரிய வேண்டும். இத்தனைக்கும் மேல் நான்காவது தோட்டா வகை. ஆசையை அடக்க முடியாதவர்களுக்கு 9 மில்லிமீட்டரிலேயே 1911 கிடைக்கிறது. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள், அலமாரி மகிழும்.

மற்றொரு கட்சி சொல்வது சட்டைப்பைத் துப்பாக்கி: 1950-இல் வந்த ஐந்து தோட்டா சீஃப்ஸ் ஸ்பெஷல் ரிவால்வர் வகையறா, அல்லது 2018-இல் வந்த ஸிக் ஸாவர் பி365. மறைத்துச் சுமக்கச் சட்ட அனுமதியும் தேவையும் உள்ளவருக்கு மட்டும் இது பொருள். அரைக் கிலோவுக்கும் கீழான துப்பாக்கியில் 50 தோட்டா சுட்டால் கை வலிக்கும், பயிற்சி குறையும். இருக்கும் 9 மி.மீ., .38 தோட்டாக்களிலேயே கிடைக்கிறது என்பது மட்டும் இதன் பக்கம் நிற்கும் வாதம்.

பழையதை வாங்கும்போது

ரிவால்வரைத் திறந்து காலி என்று உறுதி செய்த பிறகு ஐந்து சோதனைகள். சிலிண்டரில் விரலை இலேசாக உரசிக்கொண்டே சுத்தியலை மெதுவாகப் பின்னிழுங்கள். சுத்தியல் கடைசி நிலைக்குப் போகுமுன் சிலிண்டர் "க்ளிக்" என்று பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் ஓட்டக்கணக்கு தவறிவிட்டது, குண்டு குழலின் ஓரத்தைச் சீவும். ஆறு சேம்பருக்கும் இதைச் செய்ய வேண்டும், ஒன்று மட்டும் கெட்டிருப்பதும் உண்டு. விசையை அழுத்திப் பிடித்தபடி சிலிண்டரை ஆட்டினால் ஆட்டம் மிகச் சிறிதாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் தட்டும் சத்தம் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகிப் பாருங்கள், 0.004 முதல் 0.008 அங்குலம் நல்லது, 0.010-க்கு மேல் பேரம் பேசலாம் அல்லது நடையைக் கட்டலாம். கடைசியாக, இழுத்து நிறுத்திய சுத்தியலைப் பெருவிரலால் முன்னோக்கித் தள்ளினால் விழக்கூடாது; விழுந்தால் யாரோ அரத்தை வைத்து விசையை "மென்மை"யாக்கியிருக்கிறார்கள்.

குழலுக்குள் ஒளி அடித்துப் பார்க்கும்போது இருண்ட ஒற்றை வளையம் தெரிந்தால் உள்ளே ஒரு குண்டு சிக்கியிருந்து அதன்மேல் இன்னொன்று சுடப்பட்டிருக்கிறது, குழல் உப்பியிருக்கிறது. இந்த விபத்து உங்களுக்கும் வரலாம்: வழக்கமான வெடிக்குப் பதில் "புஸ்" என்ற மெல்லொலி கேட்டால் அடுத்ததைச் சுடாமல் நிறுத்தி, காலி செய்து, குழலில் ஒளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

யார் வாங்கலாம்

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பலருக்கு இந்தப் பகுதிதான் முதல் கேள்வி. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். கைத்துப்பாக்கியை சொந்த மாநிலத்துக் கடையில்தான் கையில் வாங்க முடியும். வேறு மாநிலத்தில் பார்த்துப் பணம் கட்டினால் அது உங்கள் ஊர்க் கடைக்கு வந்து சேரும். வாங்க முடியாத நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது சிறைத்தண்டனைக் குற்றம். மாநிலங்கள் மிகவும் வேறுபடும்: நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதிச்சீட்டு, மேகசின் பத்துக்கு மேல் கூடாது, கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு, மாநிலப் பட்டியலில் உள்ள மாடல்களை மட்டுமே கடை புதிதாக விற்கலாம். 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளைச் சேகரிப்பவருக்கு மூன்றாண்டுக்கு 30 டாலரில் தனிக் கூட்டாட்சி உரிமம் இருக்கிறது. பழைய மாடல் 19, பழைய கோல்ட் தேடுகிறவருக்கு உதவும்.

இந்தியாவில் இந்தக் கணக்கே எழாது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கி மட்டுமே வைத்திருக்கலாம், பரம்பரைச் சொத்தும் அதில் சேரும். 9 மி.மீ. பொதுமக்களுக்கு விலக்கப்பட்ட அளவு. உரிமம் பெற்றவர் கைக்கு வருவது பெரும்பாலும் அரசு ஆலைகளின்.32.

பெட்டகமும் பெட்டியும்

முதல் துப்பாக்கிக்கு முன் வாங்க வேண்டியது தரையிலோ சுவரிலோ போல்ட் அடித்துப் பொருத்தும் பெட்டகம். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் குழந்தையோ, மனம் சோர்ந்திருக்கும் ஒருவரோ இருந்தால் சாவி யாரிடம் என்பது பாதுகாப்பின் பாதி. நெருக்கடிக் காலத்தில் துப்பாக்கிகளைச் சட்டப்படி வெளியே ஒப்படைத்து வைப்பது மீதி. பெட்டகத்தின் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் பதனிட்ட உப்பு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கவைக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றியோ சிலிகான் உறையிலோ வையுங்கள்.

9 மி.மீ. வெடிச்சத்தம் 160 டெசிபல் அளவு. கூரையுள்ள சுடுதளத்தில் காதுக்குள் செருகியும் வெளிமூடியும் இரண்டும் வேண்டும். முடிந்ததும் கையை முதலில் குளிர்ந்த நீரில் சோப்பிட்டுக் கழுவி, வீட்டுக்குள் நுழையுமுன் உடையையும் காலணியையும் மாற்றினால் ஈயத்தூசி பிள்ளைகள் உருளும் கம்பளத்துக்குப் போகாது.

தோட்டா இருப்பு எவ்வளவு? மாதம் ஒருமுறை சுடுகிறவருக்கு .22 இரண்டாயிரம், 9 மி.மீ. ஆயிரம், .38 ஐந்நூறு, மேக்னம் நூறு என்றால் விலை ஏறும் சமயத்திலும் ஓராண்டு பயிற்சி நிற்காது. தற்காப்புக்கு என்று வைக்கும் 9 மி.மீ. தோட்டாவை ஒவ்வொரு முறையும் எடுத்து மறுபடி அதே தோட்டாவை ஏற்றினால் குண்டு கூட்டுக்குள் சிறிது சிறிதாக உள்வாங்கும், அழுத்தம் ஏறும். புதிதோடு ஒட்டவைத்துப் பார்த்துக் குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாமல் ஒதுக்குங்கள். தோட்டாக்களை ரப்பர் விளிம்புள்ள உலோகப் பெட்டியில், சிலிகா ஜெல் பை ஒன்றோடு, ஒரு பெட்டியில் ஒரே வகையாக அடுக்குங்கள். சுடுதள மேஜையிலும் ஒரு நேரத்தில் ஒரே பெட்டிதான் திறந்திருக்க வேண்டும். 9 மி.மீ. தோட்டா .40 சேம்பருக்குள் தடையின்றி வழுக்கிப் போய் வெடிக்கலாம், கூடு பிளக்கலாம், வாயு கைப்பிடி வழியாக வெளியேறலாம். மூன்று வகையோடு நிறுத்திக்கொண்டவர் மேஜையில் அந்த .40 பெட்டி இருக்காது.